உங்கள் போனுக்குப் போன ரிசல்ட்

மாமா, நீங்களும் அத்தையும் சௌக்கியமா? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா? ஓசூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி முகாமில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள் அல்லவா? நேற்று என்னை மட்டும் கூப்பிட்டு நர்ஸம்மா கதவைச் சாத்தினார்.

"கர்ப்பப்பை வாய் செல்லுல கொஞ்சம் மாத்தம் இருக்குதுங்க. புத்துநோய்னு அர்த்தமில்ல. சேலத்துல ஒருக்கா காட்டிருங்க" என்றார்.

அப்புறம் எதற்குக் கதவைச் சாத்தினார்? பிரசவத்தால் வந்ததா என்று கேட்டதற்கு ரிசல்ட் சீட்டைப் புரட்டினார்.

"பத்து நாளைக்கு முன்னயே மெசேஜ் போட்டமே, பாக்கலீங்களா?" என்றார்.

அங்கே கணவர் நம்பர் என்று நான் கொடுத்தது உங்கள் நம்பர். பத்து நாளும் நீங்கள் "சாப்ட்டியா கண்ணு" என்று மட்டும்தான் கேட்டீர்கள்.

வியாழக்கிழமை எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் மலை இறங்கி வாருங்கள். சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம். அத்தையிடம் வேறு காரணம் சொல்லுங்கள். பாப்பாவின் குல்லா ஒன்றைத் துவைக்காமல் கொண்டு வாருங்கள்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. பயந்துபோய் மறைத்தீர்களா, வேறு எதற்காகவாவது மறைத்தீர்களா என்று போனில் சொல்ல வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

இலக்கியா