எபோ எஷுனின் பெயர்ப்பலகை

அன்பு மகள் அபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றுமில்லை. அந்தப் பனியில் நீயும் பேரனும் நோய்நொடியின்றி இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்ம ஊர் செகொண்டியில் ஹார்மட்டான் காற்று புழுதியோடு தொடங்கிவிட்டது. வானொலி அருங்காட்சியகத்தில் புதிய கூடம் தயாராகிறது. பழைய நிருபர் என்பதால் பலகைகளில் எழுதுவதைச் சரிபார்க்க என்னை அழைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் செனா, உன் வயதுப் பெண். எங்கள் பழைய ஒலிபரப்பு அறையை மேசை, மைக், சிவப்பு விளக்கு என்று அப்படியே கட்டியிருக்கிறாள். உள்ளே உட்கார்ந்தால் உன் அப்பா கடைசியாக வாசித்த மாலைச் செய்தி கேட்கும். அதை வாசித்துவிட்டு வெளியே வந்தவரைத்தான் ராணுவ ஜீப் ஏற்றிப்போனது. அந்த ஒலிநாடாவைச் சுத்தம் செய்த பையன்கள் நடுவில் அவர் இருமுவதை வெட்டப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

சிக்கல் பலகையில் வந்தது. 'காலஞ்சென்ற எபோ எஷுன்' என்று அச்சடித்து, பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டு என்னிடம் இறந்த ஆண்டைக் கேட்டார்கள். அன்று பார்த்துக் குடும்பத் தலைவர் என்ற முறையில் சம்மதம் சொல்ல உன் பெரியப்பா க்வாமினா வந்திருந்தார். "யாரு செத்தது? உடம்பைப் பாத்தியா பொண்ணே? நாங்க கறுப்பு கட்டினோமா? சாவுச்சடங்கே நடக்காதவனுக்கு எப்படிம்மா காலஞ்சென்றவன்னு போடுவே? எடு அந்த நாடாவை" என்று செனாவைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நிருபரம்மா, நாட்டுச் சேதியெல்லாம் கொண்டாந்தே, உன் புருஷன் சேதி மட்டும் கிடைக்கலையாக்கும்" என்றார்.

கிடைத்தது என்றேன். இரண்டு பேர் சொல்லாமல் ஒரு சாவை நான் செய்தியாக்கியதில்லை அபா. மறுவருடமே ஒரு ராணுவ டிரைவர் என்னிடம் சொன்னான், கோட்டைக்கு அப்பால் கடற்கரையில், மழைக்கு முன்பு கொன்றுவிட்டார்கள் என்று. இரண்டாவது ஆள் கிடைக்கவேயில்லை. அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் தகவல் இல்லை என்றேன். இதைச் சொன்னதும் பெரியப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு அந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டயும் ஒருத்தன் சொன்னான் அராபா. சிறைக் காவலாளி. அதே கடற்கரை, மழைக்கு முன்னாடிதான். உங்கிட்ட சொன்னா நீ ரேடியோல சொல்லிடுவே, உன்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இடமும் காலமும் ஒத்துப்போகின்றன. இனி சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை. செனாவுக்கு ஆண்டைச் சொன்னேன். நாடா இருக்கட்டும் என்றார் பெரியப்பா.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை சடங்கு. அந்தக் கடற்கரை மணலைத் தவிர புதைக்க ஒன்றுமில்லை, அதையே கொண்டுவந்து வைப்போம் என்கிறார் பெரியப்பா. லீவு கிடைக்காவிட்டால் உன்னை வருத்திக்கொள்ளாதே. கிடைத்தால் வா. ஒழுங்காகச் சாப்பிடு, தனியாக அழாதே. கடவுள் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். வானொலிச் சாவு அறிவிப்பில் பேரப்பிள்ளைகள் பெயரையும் வாசிப்பார்கள், பையனின் முழுப்பெயரை மறக்காமல் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
அராபா எஷுன்
(உன் அப்பாவின் விதவை. இப்படிக் கையெழுத்திடுவது இதுவே முதல் தடவை.)