பூங்காவனம் பிறந்த இடம்

என் உயிருக்கு உயிரான மருதாயி அக்காவுக்கு,

நேற்று உன் மகளைப் பதுளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். தெமோதரையில் ரயில் ஏறினோம். ஆமாம் அக்கா, இப்போது பதுளை வரைக்கும் ரயில் ஓடுகிறது. உன்னைக் கம்பளியில் தூளி கட்டி நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய பாதையை ஜன்னல் வழியாகத் தேடினேன். தேயிலைதான் தெரிந்தது. அன்றைக்கு இந்த ரயில் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயோ?

பூங்காவனத்துக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அப்புத்தளைப் பக்கம். உன் வீட்டுக்காரரும் காய்ச்சலில் போன பிறகு நாங்கள் தோட்டம் மாறி வந்துவிட்டோம். இங்கே லயத்து வீடுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். ஆனால் கல்யாணத்துக்குப் பழைய தோட்டத்துச் சனம் வருமே. அடுத்தவர் வாயால் அவள் கேட்கக் கூடாது என்றுதான் கூட்டிப் போனேன்.

பெரிய மரத்தடியில் உட்காரவைத்தேன்.

"நீ இந்த எடத்துலதான் பொறந்த. உன்னப் பெத்தது நான் இல்ல, எங்க அக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. இனி முடியாது, இறக்குங்கள் என்று நீ சொன்னாய். நடுத்தெருவில் எப்படி இறக்குவது? திறந்து கிடந்தது இந்தப் பூங்காவின் வாசல்தான். நம் சனம் கால் வைக்காத இடம். சிங்களக் காவல்காரர் தடியோடு ஓடி வந்தார். உன்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தி, நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சாயங்காலம் உலாத்த வந்த துரைமாரும் துரைசாணிமாரும் வெளியே காத்து நின்றார்கள். ஒரு துரை சத்தம் போட்டார். மனிதர் கதவை விடவில்லை. அப்புறம் அவருக்கு அந்த வேலை நிலைத்ததா? நேற்று வாசலில் நின்றவர் வேறு ஆள்.

"பெத்தவங்க என்னைப் பாத்தாங்களா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

பார்த்தாய் என்றேன். ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோதும் அவளை வாங்கி மாரில் போட்டுக்கொண்டாயே. ஆஸ்பத்திரி வாசல் வரை யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே போன நீ திரும்பவில்லை. பெயரை நான்தான் வைத்தேன். அம்மன் பெயர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவள் அந்தப் புல்லில் நெற்றி படக் கும்பிட்டாள். நான் தள்ளிப் போய் நின்றேன். அது உங்கள் இருவருக்குமான நேரம். ஆனாலும் இனி என்னை என்னவென்று கூப்பிடுவாள்?

ரயிலுக்கு நேரமானதும் வந்து என் கையைப் பிடித்தாள்.

"சின்னம்மான்னு கூப்பிட எனக்கு வாய் வரலம்மா" என்றாள். "அவங்களுக்கு ஒரு கடுதாசி போடணும். நீ சொல்லு, நான் எழுதுறேன்."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்லவா? நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ரத்தம் என்று சொன்ன இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

தாலி ஏறியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாலையும் கழுத்துமாக அந்த மரத்தடிக்குக் கூட்டி வருவேன். முதல் ஆசீர்வாதம் உன்னுடையதாக இருக்கட்டும் அக்கா.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
காத்தாயி

அம்மா, நான் நல்லா இருக்கேன்.
உங்க மகள், பூங்காவனம்