பூட்டிய வீட்டுக்குள் உன்னை வைத்தேன், சூசை

என் சூசைக் கண்ணு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். மாரமங்கலம் பாதையில் காலையிலிருந்து மஞ்சு இறங்கிக் கிடக்கிறது. எஸ்டேட்டில் இன்று வேலை இல்லை என்று கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளுக்குக் கோயிலின் பங்குத் தாளில் தம்பியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று ஃபாதர் கேட்டிருந்தார். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குற்றம்தான் முன்னால் வந்து நிற்கிறது. நிற்கட்டும். எல்லாரும் படிக்கட்டும்.

அம்மா சாகும்போது உனக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். உன்னை விடுதியில் சேர்க்கச் சொன்ன சொந்தக்காரர்களிடம், என் ரெண்டு கை இருக்கும்வரை இவனை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்றேன். கல்யாணம் வேண்டாம் என்று காப்பித் தோட்டத்திலேயே கிடந்து உன்னை ஆளாக்கினேன். ஊர் மெச்சியது. அந்த மெச்சல் எனக்குள் எத்தனை ஆழம் இறங்கியிருந்தது என்று அப்போது தெரியவில்லை. செபம் சொல்லாமல் நான் படுத்ததில்லை. ஆனால் என் செபத்தில் ஆண்டவருக்கு வேலை எதுவும் இருக்காது. நான் முடிவு செய்ததைச் சொல்வேன்; அவர் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி வழுக்கி நீ விழுந்தாய். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று சேலத்தில் டாக்டர் சொன்னபோது, நடக்க வைத்துக் காட்டுகிறேன் என்று அவரிடமே சொன்னேன். நீ மேலே பார்த்துக்கொண்டிருந்தாய்.

படுக்கைப் புண் வராமலிருக்க உன்னைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். முதலில் நான் தொட்டாலே கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வாய். விழுந்தவனுக்கு அந்தப் பயம் போகாது. நீ பிடித்திருக்கும்வரை உன்னை அசைக்க முடியாமல் நானும் திணறுவேன். ஒரு நாள் நீயாகவே கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டாய். அன்றிலிருந்து தூக்குவது எளிதாயிற்று. எப்படி அந்தப் பயம் போனது? நான் கேட்கவே இல்லை.

அடுத்த வீட்டுப் பாக்கியம், கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் இரண்டு பேரோடு வந்தாள். "ஏனுங்கக்கா, நாங்க முறை வெச்சுப் பாத்துக்கறமுங்க. நீங்க செத்த நேரமாச்சும் படுங்க" என்றாள். என் தம்பியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போனேன். மதியம் ஓடிவந்து உன்னைப் புரட்டிவிட்டு மறுபடி பூட்டுவேன்.

அந்த ஐப்பசியில், உன் முதுகில் வந்துவிட்ட புண்ணுக்கு மருந்து வாங்க ஏற்காடு டவுனுக்குப் போனேன். திரும்பும்போது வழியில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. கொட்டும் மழையில் நடந்தே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாக்கியம் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். உன் முனகல் கேட்டு மதியமே வந்தவள், கம்பி வழியாக உன்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிடப் போனவளை நீதான் தடுத்தாயாம். "வேண்டாமுங்க, அக்கா மனசு ஒடிஞ்சுரும்" என்றாயாம்.

கதவைத் திறந்தேன். காலையில் போட்ட அதே பக்கத்தில், நனைந்த துணியில் கிடந்தாய். முதுகுப் புண் வாய் திறந்திருந்தது.

உன்னைத் துடைத்துவிடும்போது நீ கோபமாகப் பேசியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாய்: "நான் சட்டத்தைப் புடிச்சுக்கிட்டே இருந்தப்ப உங்களால என்னைத் தூக்க முடிஞ்சுதுங்களாக்கா? ஆண்டவரும் அப்படித்தான் நின்னுக்கிட்டு இருக்காருங்க. நான் உட்டுட்டேன். நீங்க இன்னும் உடலீங்க."

மறுநாள் சாவியைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். உன் புண்ணை என்னைவிடப் பதமாகக் கழுவினாள். இத்தனை நாள் அவளைத் தடுத்து யாருக்கு எதை நிரூபித்தேன்?

சாவி கைமாறி ஐந்தாவது வாரம் காய்ச்சல் கண்டு போய்விட்டாய். புண்ணின் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அந்த ஒரு நாளால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதம்மா என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை, கண்ணு. நான் உட்டுட்டா ஆண்டவர் உன்னை எனக்குத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். அதுவும் பேரம்தானே? ஒப்படைப்பது என்றால் திருப்பிக் கேட்காமல் கொடுப்பது என்று நீ போனபின் தெரிந்து என்ன செய்ய?

பாக்கியம் இப்போதும் சாயங்காலம் வருகிறாள். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். கூச்சமாக இருந்தது. வாங்கிக் குடித்தேன்.

ஞாயிறு பூசைக்குப் போகிறேன். ஆண்டவர் கற்றுத் தந்த செபத்தில், உமது விருப்பப்படி ஆகட்டும் என்று கேட்கிற இடம் வந்தால் நிறுத்திவிடுகிறேன். சுற்றி நிற்பவர்கள் சொல்லிக் கடந்துபோவார்கள். நான் அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொள்வேன். போன வாரம் பாதி சொன்னேன். மனம் ஆறிவிட்டதா என்று கேட்காதே, ஆறவில்லை.

உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன், கண்ணு. முழுதாகச் சொல்ல வரும்வரை ஒரு ஞாயிறும் விடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் என் பழைய வீறாப்புதான். அதனால் இவ்வளவுதான்: என் குரல் வராத அன்றும் நான் அங்கே நிற்பேன். எனக்கும் சேர்த்து அவர்கள் சொல்லட்டும்.

உன்னை இடுப்பில் சுமந்த,
அக்கா திரேசா