நாலு எலுமிச்சம்பழம்

7 நவம்பர் 2003, வெள்ளி

ரெண்டு நாளா டாக்சி இடப்பக்கமே இழுத்துகினு இருந்துச்சு. இன்னிக்கு டோல்கேட்டாண்ட ஒரு ஷெட்ல வீல் அலைன்மென்ட் பாக்க வுட்டேன். மெக்கானிக் அடியில படுத்துப் பாத்துட்டு எழுந்து வந்தான்.

"எது மேல மோதுன மாமு? முன்சக்கரத்தத் திருப்புற டை ராடு வளைஞ்சிகீது. பள்ளத்துல எறங்குனா இப்டி வளையாது."

நான் எங்கியும் மோதல. புதன்கிழமை ராத்திரி என் பையன்தான் எண்ணூருக்கு எடுத்துகினு போனான். அவன் பள்ளம்னுதான் சொன்னான்.

சாமியே கும்புடாதவன், மறுநா காலைல அவனே வண்டியக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி நசுக்கினான். புத்தி வந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன்.

ராடு மாத்தியாச்சு. வண்டி இப்ப நேராத்தான் போவுது. நாளைக்கு எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம் சவாரின்னு சாப்பிடறப்ப சொன்னேன்.

"அந்தப் பக்கம் மட்டும் வண்டியக் கொண்டு போவாத நைனா"ன்னான்.

ஏன்னு நான் கேக்கல.