டீச்சருக்குத் தமிழ் தெரியாது

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கும் கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று "ஓலா, ஓலா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வணக்கம் சொல்ல இத்தனை ஒத்திகை! இவர் காபியோடு வாசலில் நின்று சிரிக்கிறார். "சின்னப் பசங்களைப் பார்த்து நடுங்கற ஒரே ஆள் நீதான். கடிச்சு வெச்சிடவா போறாங்க?"

அவருக்கு என்ன? மொழிபெயர்ப்பு வேலை நின்றுபோனபின் பகலெல்லாம் ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் நான். ஸ்பானிஷ் படித்ததே தண்டம் என்று தலை முழுகியிருந்தபோதுதான் இந்தப் பள்ளியில் கூப்பிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. எழுத்து கிடையாது, பரீட்சை கிடையாது, குழந்தைகள் பேச வேண்டும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலையா, இல்லை மறுபடியும் ஃபிரிட்ஜா என்று முடிவாகும்.

பிரின்சிபால் மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "அந்த ரூமுக்குள்ள உங்களுக்குத் தமிழே தெரியாது. தெரியும்னு கண்டுபிடிச்சாங்கன்னா, அப்புறம் ஒரு பிள்ளையும் ஸ்பானிஷ்ல வாயைத் திறக்காது." பெற்றோரிடமும் ஆயாம்மாவிடமும்கூடச் சொல்லி வைத்துவிட்டார். ஆக, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"டீச்சர் நம்மள மாதிரிதான் இருக்காங்க. ஆனா தமிழ் தெரியாது. பாவம்."

"அப்போ கடையில எப்படி பால் கேப்பாங்க?"

முன்பல் இரண்டும் விழுந்த ஒருத்தி இருக்கிறாள். மனசுக்குள் அவளுக்கு ஓட்டைப்பல் என்று பெயர். "டீச்சருக்கு மூக்கு பெருசு" என்று அவள் அறிவித்தபோது, "நோ என்தியெந்தோ" என்று கையை விரித்தேன். புரியவில்லை என்று அர்த்தம். அந்த அறையில் நான் அதிகம் சொல்லும் வாக்கியமும், அதிகம் சொல்லும் பொய்யும் அதுதான். வீட்டுக்கு வந்து மூக்கைப் பார்த்தேன். கொஞ்சம் பெருசுதான்.

ஓட்டைப்பல்லுக்குப் பக்கத்தில் உட்காருபவள் ரிப்பன். தினமும் தலையில் ஒரு ரிப்பன், கையில் ஒரு பச்சைப் பை. வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு "ஓலா" கூடச் சொன்னதில்லை. கேட்டால் என் கண்ணை மட்டும் பார்க்கிறாள். ஆட்டம் காட்டினேன், பாடினேன், கரடி பொம்மையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ம்ஹூம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நினைத்தது நடந்துவிட்டது. ரிப்பனின் அம்மா, மருந்துக்கடை வைத்திருப்பவர், மேடத்திடம் வந்து பேசியிருக்கிறார். "என் பொண்ணு வீட்ல வாய் ஓயாம பேசறா. உங்க கிளாஸ்ல மட்டும் ஊமை. அப்போ தப்பு யார்மேல?"

மேடம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். அவர் மெதுவாகச் சொல்வதுதான் பயம். "அந்த அம்மா பிள்ளையை நிறுத்தினாங்கன்னா, கூட நாலு பேர் நிறுத்துவாங்க. பேரண்ட்ஸ் வர்ற அன்னைக்கு அவ பேசணும். இல்லைன்னா இந்த கிளாஸை நான் நடத்தறது கஷ்டம்."

வகுப்பு விட்டதும் வராந்தாவில் பை மாட்டும் மூலையில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். "அந்தப் பொண்ணு ஏன் பேச மாட்டேங்குதுன்னே தெரியலக்கா. நான் என்ன தப்பு பண்றேன்னு யாராவது சொல்லித் தொலைச்சா தேவலை." அக்கா வழக்கம்போல, "முதல்ல நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள்.

நல்லவேளை, பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ஆணியில் ஒரே ஒரு பச்சைப் பைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 10, புதன்

வகுப்பு இல்லை. பகலெல்லாம் ஃபிரிட்ஜ் சத்தம்.

செப்டம்பர் 12, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று பொம்மைகளை உட்கார வைக்கும் விளையாட்டு. "சியெந்தாதே அக்கீ" என்றால் இங்கே உட்கார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பொம்மையைக் கூப்பிட்டு இடம் காட்ட வேண்டும். ரிப்பனின் முறை வந்தது, அதே மௌனம். விட்டுவிட்டேன். பிறகு எல்லாரும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கரடியை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "ஓஸோ, சியெந்தாதே அக்கீ." சுத்தமாக! என்னைவிட நன்றாக! ஓஸோ என்றால் கரடி என்று போன வாரம் ஒரே ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தேன்.

ஓட்டைப்பல் கேட்டாள். "உனக்குத்தான் தெரியுதே, டீச்சர்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

"நான் நல்லா பேசினா அம்மா மட்டும்தான் வருவாங்க. போன வருஷம் ஒருத்தனைக் கடிச்சேன்ல, அப்ப அப்பாவையும் வரச் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்தாங்க."

"அப்போ திரும்பக் கடி."

"கடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பேசாம இருந்தா யாரும் அடிக்கவும் மாட்டாங்க, ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்க."

சத்தமாகத்தான் சொன்னாள். என்னை வைத்துக்கொண்டே. நான் தமிழ் தெரியாதவளாக அலமாரியைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

ஆயாம்மாவிடம் கேட்டேன். அப்பா லிஃப்ட் மெக்கானிக், தனியாக இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவார். "கேட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. நடுவுல புள்ளையைத் தள்ளி விடுவாங்க" என்றார்.

இப்போது இதை நான் யாரிடம் சொல்வது? அவள் அம்மாவிடம் சொன்னால் என் வேலை பிழைக்கும், ஆனால் அவளுடைய ரகசியம் போய்விடும். பொய் சொல்லி ஒட்டுக்கேட்டதை வைத்து ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுப்பதா? சொல்லாவிட்டால், ஃபிரிட்ஜ்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு யோசனை. அவளுக்கு வேண்டியது இருவரும் வர வேண்டும் என்பதுதானே? வரவழைத்துவிட்டால்? மேடத்திடம் போய், ஒரு குழந்தைக்கு ஒருவர் என்பதை மாற்றி இரண்டு பேராக வரலாமே என்றேன்.

"நாற்காலிக்கு எங்க போறது?"

"சாப்பாட்டு ஹால் பெஞ்சைத் தூக்கிப் போட்டுக்கலாம் மேடம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு மடங்கு பேர் முன்னாடி அவ பேசலைன்னா, ரெண்டு மடங்கு அவமானம். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

எங்கே யோசித்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ரிப்பனின் அப்பாவோடு நானே போனில் பேசினேன். ரகசியத்தை உளறிவிடுவேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டே பேசினேன். எல்லா அப்பா அம்மாவும் வருகிறார்கள், நீங்களும் வரலாம் என்று மட்டும் சொன்னேன். பின்னால் ஏதோ இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வந்தா அவங்க வேணாம்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க மேடம். பாப்பா முன்னாடி எதுக்கு?" என்றார். பிறகு, "பாப்பா அதுல பேசுவாளா?" என்று கேட்டார்.

பேசுவாள் என்று சொல்லிவிட்டேன். யார் என்னை அப்படிச் சொல்லச் சொன்னது?

செப்டம்பர் 23, செவ்வாய்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"எங்கப்பாவும் வராரே!" என்று ரிப்பன் குதித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஓட்டைப்பல் உடனே கேட்டாள். "அப்போ இனிமே பேசுவியா?"

"ஐயோ, மாட்டேன். பேசாம இருந்ததாலதானே வராங்க."

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இருக்கும் தெளிவு எனக்கு இல்லை. அவளைப் பொறுத்தவரை மௌனம் பலித்துவிட்டது. பலித்ததை எவளாவது விடுவாளா?

இவரிடம் சொன்னேன். முதன்முறையாகச் சிரிக்கவில்லை. "விடு, போனாப் போகுது" என்றார். அந்த "விடு"வைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. எனக்கு விட வேண்டாம். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். மூக்கு பெருசு என்று சொல்கிற அந்தக் கழுதைகள் வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

நாளைக்கு. புடவையா, சுடிதாரா என்றுகூட முடிவு செய்ய முடியவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தோம். பெற்றோர் எல்லாரும் சுவர் ஓரமாக நின்றார்கள். குழந்தை ஸ்பானிஷில் கூப்பிட்டு இடம் காட்டினால்தான் பெரியவர்கள் உட்காரலாம், பொம்மைகளுக்குச் செய்த மாதிரியே. இப்படித்தான் தொடங்குவது என்று முன்பே திட்டம். ரிப்பனுக்காக யோசித்தது இல்லை, சத்தியமாக.

ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போனார்கள். "சியெந்தாதே அக்கீ!" ஓட்டைப்பல்லுக்குப் பல் இல்லாததால் பாதி வார்த்தை காற்றாகப் போனது, அவள் அப்பா பூரித்துப்போனார். கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிச்சம். வாசல் பக்கம் மருந்துக்கடை அம்மா. ஜன்னல் பக்கம் வேலைச் சட்டையோடு மெக்கானிக். நடுவில் ரிப்பன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

மேடம் சமாளிக்கப் பார்த்தார். "பரவாயில்லை, நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க." அம்மா முன் பெஞ்சை நோக்கி நடந்தார். அப்பா கடைசி பெஞ்சுக்கு.

"நோ! நோ!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். இரண்டு கையையும் நீட்டி அவர்களை மறித்துக்கொண்டு நிற்கிறேன்! என்மேல் புகார் சொன்ன அம்மாவை! குழந்தை சொல்லாமல் யாரும் உட்காரக் கூடாது என்று சைகை காட்டினேன். மேடத்தின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். போகட்டும், ஆனால் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார விடமாட்டேன்.

ரிப்பன் முன் பெஞ்சைப் பார்த்தாள். கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அம்மாவை, அப்பாவை. பிறகு என்னை.

ஓடிப்போய் நடுவில் இருந்த ஒரு காலிப் பெஞ்சைத் தட்டினாள்.

"மமா. சியெந்தாதே அக்கீ."

அம்மா வந்து உட்கார்ந்தார். ரிப்பன் அதே பெஞ்சில் பக்கத்து இடத்தைத் தட்டினாள். இந்த முறை இன்னும் சத்தமாக.

"பபா. சியெந்தாதே அக்கீ. போர் ஃபவோர்!"

தயவுசெய்து என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அப்பா தயங்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நிறம் கேட்டால் அவள், பெயர் கேட்டால் அவள், மற்றவர்களைக் கேட்டாலும் அவள்தான். வகுப்பு முடிந்ததும் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் போனார்கள். அதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். ஒரு பெஞ்சால் என்ன ஆகிவிடும்? தெரியாது. ஆனால் உட்கார்ந்தார்கள்.

மேடம் பெற்றோரை வழியனுப்பிவிட்டு நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேலை நிரந்தரம். "அந்த 'நோ நோ' மட்டும் இனிமே வேணாம், எனக்கு பிபி இருக்கு" என்றார் மேடம். அக்கா போனில், "சாப்பிட்டியா?" என்றாள். வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அந்தக் குட்டி நாற்காலி முனை முழங்காலில் இடித்து உயிர் போய்விட்டது. "ஐயோ அம்மா!" என்று வகுப்பு நடுவில் கத்திவிட்டேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஓட்டைப்பல் வாயைப் பிளந்தாள். "டீச்சர் தமிழ் பேசினாங்க!"

முடிந்தது கதை என்று நினைத்தேன். ரிப்பன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கரடிக்கு வண்ணம் அடித்துக்கொண்டே சொன்னாள்.

"அது ஸ்பானிஷ். வலிச்சா அங்கேயும் அப்படித்தான் சொல்வாங்க."

"நிஜமாவா?"

"ம்."

அவள் சொன்னால் எல்லாருக்கும் வேதவாக்கு. உடனே அத்தனை பேரும் எனக்குப் பின்னால் ஒரே குரலில், "ஐயோ அம்மா!" என்று பாடம் சொன்னார்கள். "மூய் பியென்" என்று பாராட்ட வேண்டியதாயிற்று. வேறென்ன செய்ய?

வராந்தா ஆணியில் அன்று தொங்கிய பச்சைப் பை ஞாபகத்துக்கு வந்தது. அப்படியென்றால் அன்றே அவள் அங்கேதான் இருந்தாளா? அடுத்த வகுப்பில் அலமாரிப் பக்கம் அவ்வளவு சத்தமாகச் சொன்னது ஓட்டைப்பல்லுக்கா, எனக்கா?

கேட்க முடியாது. எனக்குத்தான் தமிழ் தெரியாதே.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து வந்தாள். தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, அதைத் தட்டினாள்.

"சியெந்தாதே அக்கீ."

உட்கார்ந்தேன்.