ஒரு பி.எஸ்ஸி. பட்டமும் மூன்று பவுனும்

தர்மபுரி
12-6-1984

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் சுகம். மச்சானும் மாமியும் சுகமா?

பௌதிகத்தில் இரண்டாம் வகுப்பில் தேறிவிட்டேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனேன். "பிசிக்ஸா? போன வருசம் முடிச்சவங்களே இன்னும் உக்காந்துதான் இருக்காங்க தம்பி" என்றார் குமாஸ்தா. நான் உட்காரக்கூட இடமில்லை என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை இருக்கிறது. சம்பளம் முந்நூறு. தாளாளர் கேட்கும் நன்கொடை பன்னிரண்டாயிரம். நாற்பது மாதச் சம்பளத்தை முன்னதாகவே அவரிடம் கொடுத்துவிட்டு நான் காற்றைச் சாப்பிட வேண்டும். காற்றின் அழுத்தம் பற்றிப் படித்திருக்கிறேன். அதன் சத்து பற்றிப் பாடத்தில் இல்லை.

என் படிப்புக்காக நீ அடகு வைத்த மூன்று பவுன் மஹர் சங்கிலியை இந்த மாதம் மீட்பதாகச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி,
ஷுக்கூர்

பொம்மிடி
3-7-1984

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். தேறியது சந்தோஷம்.

அது நிக்காஹ்வில் உன் மச்சான் எனக்கு மஹராகப் போட்ட சங்கிலி. மஹர் மனைவியின் சொத்து, அதற்கு அவள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். ஹஜ்ரத் என் மாமியாரோடு குடியிருக்கவில்லை. கொக்கி அறுந்து பத்தரிடம் இருக்கிறது என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். நேற்று மாமி, "அந்தப் பத்தரு கொக்கி செய்யறானா, கோட்டை கட்டுறானா?" என்று கேட்டார்கள்.

நவம்பரில் நாத்தனாருக்கு நிக்காஹ். அதற்குள் சங்கிலி என் கழுத்துக்கு வர வேண்டும். வட்டி ஹராம் என்பது நமக்குத்தான் தெரியும். அடகுக் கடைக்காரருக்குத் தெரியாது. தர்மபுரியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று உன் மச்சான் சொன்னார், போய்ப் பாரேன்.

ஜான் பீ

தர்மபுரி
9-9-1984

அன்பு அக்காவுக்கு,

மூன்று வருடம் பௌதிகம் படித்தவனை ரேடியோவுக்குத் தூசி தட்டச் சொல்கிறாயே, இது நியாயமா?

வழி பிறந்துவிட்டது. கல்யாணத் தரகர் கவுஸ் பாஷா வந்திருந்தார். பாலக்கோட்டில் மண்டிக்காரர் மகள், பெயர் ரஹமத். என் பட்டத்துக்குப் பெண் வீட்டார் தரும் கைக்கூலி பன்னிரண்டாயிரம் ரொக்கம், ஐந்து பவுன். இதே பட்டத்தோடு சர்க்கார் வேலையும் இருந்தால் இரண்டு மடங்காம். பட்டத்தை எந்தக் கடையில் மாற்ற வேண்டும் என்று கல்லூரியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. தரகருக்குத் தெரிந்திருக்கிறது.

ரொக்கம் தாளாளருக்கு. பவுனில் உன் சங்கிலியை மீட்டுவிடலாம். அக்டோபரிலேயே நிக்காஹ். என் தரப்பில் மஹர் நூற்றொரு ரூபாய். அம்மாவுக்குச் சம்மதம்.

ஷுக்கூர்

பொம்மிடி
15-9-1984

ஷுக்கூருக்கு,

உன் கடிதத்தை மாமி கண்ணில் படாமல் படிக்கலாம் என்று கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். படித்து முடித்ததும் அதைக் கிணற்றிலேயே போடலாமா என்று இருந்தது.

நிக்காஹ்வில் கொடுக்க வேண்டியவன் ஆண். இதைத் தெரிந்துகொள்ள பி.எஸ்ஸி. வேண்டாம். நீ கொடுப்பது நூற்றொன்று, வாங்குவது பன்னிரண்டாயிரம். இதற்கு நிக்காஹ் என்று பெயர் வைத்தது யார், தரகரா? எனக்கு மஹராக வந்த தங்கம் உன்னைப் படிக்கவைத்தது. அந்தப் படிப்பைக் காட்டி இன்னொருத்தியின் தங்கத்தைக் கேட்கிறாய். என் கழுத்து வெறுமையாக இருப்பது எனக்குத்தான் தெரியும். அதை நிறைக்க ரஹமத்தின் கழுத்தைக் காலி செய்யாதே.

அந்தப் பவுனால் மீட்ட சங்கிலி இந்த வூட்டுப் படி ஏறாது. நீ கைக்கூலி வாங்கினால் உன் நிக்காஹ்வுக்கு நானும் வர மாட்டேன்.

ஜான் பீ

தர்மபுரி
20-10-1984

அன்பு அக்காவுக்கு,

பாலக்கோட்டுக்கு நானே போய், கைக்கூலி வேண்டாம் என்று சொன்னேன். மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒடம்புக்கு ஏதாச்சும்ங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சம்பந்தம் முறிந்தது. தரகர் ஊரெல்லாம் எனக்குக் காசநோய் என்று சொல்லி வருகிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை.

ரேடியோ கடையில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் நூற்றைம்பது. "பத்தவைக்க வருங்களா?" என்றார் முதலாளி சவுரியப்பன். தத்துவம் தெரியும் என்றேன். "தத்துவத்துக்கு ஈயம் உருகாதுங்க, இந்தாங்க" என்று சூட்டுக்கோலைக் கையில் கொடுத்தார். விரலைத்தான் முதலில் பற்றவைத்தேன்.

அறுபது ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். நவம்பருக்குள் சங்கிலி வராது அக்கா. என்ன சொல்லிச் சமாளிப்பாய்?

ஷுக்கூர்

பொம்மிடி
26-11-1984

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மணியார்டர் வந்தது.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. பந்தலில் பெண்கள் எல்லோர் முன்னாலும் மாமி கேட்டார்கள்: "ஏம்மா ஜான் பீ, சங்கிலி எங்கே?"

எனக்குப் பத்தர் கதை சலித்துவிட்டது. "அது காலேஜுக்குப் போயி பிசிக்ஸ் படிச்சிச்சுங்க மாமி. பாஸ் ஆயிடுச்சு. இப்பதான் வேலைக்குப் போவுது" என்றேன்.

மாமி பத்து நாள் பேசவில்லை. உன் மச்சான் மட்டும் அன்று ராத்திரி, "மஹர் உன்னோடது. ஆனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். அது நியாயம்தான்.

உன் மச்சான் கடையில் இருக்கிற ரேடியோ கரகரவென்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவரே உன்னிடம் கொண்டுவருகிறார். சரிசெய்து கொடு. மச்சானாயிற்றே என்று சும்மா செய்யாதே. கூலி வாங்கு.

உன் அக்கா,
ஜான் பீ