துவாரகன் போட்டிருந்த கறுப்புச் சட்டை

துவாரகனின் அப்பாவுக்கு உதயகலா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மகள் கஜந்தினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே குவைத்தில் நான் வேலை செய்கிற வீட்டில் நேற்று ஒரு சின்ன விசயம் நடந்தது. பயப்படாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பெடியன் மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றான். நான் "ஐயோ முருகா" என்று கதவைப் பூட்டிவிட்டேன். அது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா, நான் கள்ளனில்லை. கிளிநொச்சிப் பெடியன். தண்ணிதான் கொண்டந்தனான்" என்று சிரித்தான்.

அவன் போனபிறகுதான் அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது. நம் பிள்ளை துவாரகனும் அதே சட்டைதானே போட்டிருந்தான். துணி நல்லது என்று நான்தான் வாங்கி அனுப்பினேன். கொடிகாமத்தில் அவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தபோது, சட்டையைப் பார்த்து "உவன் வாள்வெட்டுக் குழுக்காரன் போல, கிட்டப் போகாதேங்கோ" என்று சனம் தூக்காமல் நின்றதாம். நானும் அங்கே அப்படித்தான் நின்றிருப்பேன்.

அவனுடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஸ்டூடியோவில் அவனுக்குக் கோட்டும் கழுத்தில் ரையும் ஒட்டிச் செய்த படத்தைப் பார்த்தேன். யாரோ பிள்ளை மாதிரி இருக்கிறான். அதை அச்சடிக்க வேண்டாம். கறுப்புச் சட்டையோடு சிரிக்கிற படத்தையே போடுங்கள். யாரும் கேட்டால், தாய் அனுப்பின சட்டை என்று சொல்லுங்கள்.

அவனுடைய கடைசிக் கிரியைக்குக் கீரிமலைக்கு என்னால் வர முடியாது. இங்கே வருகிற ஆட்களிடம் கொஞ்சம் வேப்பம்பூ வடகமும் ஒரு கல்வெட்டும் கொடுத்துவிடுங்கள். அந்தப் படத்தைக் கதவுப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டும்.

மேடம் கூப்பிடுகிறா.

உதயகலா